தொண்டை கட்டிய 5 நாள்கள்... கத்தாமல் குழந்தையைக் கிளப்பக் கற்றுக்கொண்ட கதை!

"நீங்க டீச்சரா?" என்று கேட்டார் காது, மூக்கு, தொண்டை டாக்டர்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"கச்சேரியில பாடுறீங்களா?"

மொபைலில் டைப் செய்து காட்டினேன். 'டிஜிட்டல் டெஸ்க்ல ரிப்போர்ட்டர். வீடியோவுக்கு வாய்ஸ் ஓவர் கொடுப்பேன். ஒரு நாளைக்கு 3, 4 நிமிஷம்தான்.'

"அதுக்கெல்லாம் தொண்டை இப்படி ஆகாதும்மா. சளி ஒரு காரணம், சரி. அதோட வேற எங்கேயோ கத்துறீங்க. எங்க?"

உடனே டைப் செய்ய விரல் வரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு எழுதினேன். 'வீட்ல. அக்கா பையன்கிட்ட.'

அவர் சிரிக்கவில்லை. "வயசு என்ன?" என்றார். நாலு விரலை நீட்டி, கட்டை விரலைப் பாதி மடக்கிக் காட்டினேன். நாலரை.

"குரல்நாண் வீங்கியிருக்கு. 5 நாளைக்குப் பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான்" என்றவர், மருந்துச் சீட்டின் கடைசி வரியில் அதையும் எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அலுவலகம் பற்றி நான் கவலைப்படவே இல்லை. நாளை காலை 8.20-க்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். வாயைத் திறக்காமல் அவனை எப்படிக் கிளப்புவது?

தினமும் ஒரு யுத்தம்

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஜர்னலிஸம் டிப்ளமோ முடித்து, வேலை கிடைத்ததும் அம்பத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிஃப்ட் என்றால் 6.30-க்குக் கிளம்பிவிடுவாள். அத்தானுக்கு 5.30-க்கே கம்பெனி பஸ். எனக்கு 11 மணிக்குத்தான் ஷிஃப்ட். அதனால் காலை நேரம் என் பொறுப்பு. அக்கா என்னிடம் வாடகை வாங்குவதில்லை. அதற்கு ஈடாக நான் செய்வது இது ஒன்றுதான்.

அக்கா மகனை வீட்டில் அப்பு என்று கூப்பிடுவோம். எழுப்புவதிலிருந்து வேனில் ஏற்றுவது வரை ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் என் வாய் மூடாது. 'எந்திரி', 'பல்லு தேய்', 'தண்ணியில விளையாடாத', 'வாயைத் திற', 'முழுங்கு', 'ஷூ எங்க?', 'சீக்கிரம்... சீக்கிரம்...'

ஒருநாள் வாய்ஸ் ஓவருக்காக ஆன் செய்த ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டேன். அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது என் குரல் ஓடியது. 7 நிமிடத்தில் 19 தடவை 'சீக்கிரம்'. இடையிடையே அப்புவின் குரல் ஏதோ கேட்கிறது. ஒரு கேள்விக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குரல் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, வேன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் மாட்டி முடித்த நிமிடத்தில் பால் டம்ளரைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டான். என் கை தானாக எழுந்து அவன் முதுகில் இறங்கியது. சத்தம் எனக்கே கேட்டது. அவன் அழவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். வேறு சட்டை மாட்டி அனுப்பிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியர் அடித்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தச் சட்டப்பிரிவை வேகவேகமாக டைப் செய்து அப்லோடு செய்பவள் நான்.

முதல் நாள்: அப்பாவின் கண்

முதல் நாள் காலை, டிஜிட்டல் டெஸ்க் புத்தியைக் காட்டினேன். 'அப்பு எழுந்திரு, பல் தேய்க்க வா' என்று டைப் செய்து மொபைலையே வாசிக்க வைத்தேன். எழுந்தான். ஆனால், பல் தேய்க்கப் போகவில்லை. "சித்தி, போனை 'டைனோசர்' சொல்லச் சொல்லு... இப்ப 'பூரி' சொல்லச் சொல்லு" என்று 15 நிமிடம் போய்விட்டது. கைதட்டினேன். பதிலுக்கு அவனும் தட்டினான்.

கடைசியில் முறைத்தேன்.

எங்கள் அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நாளெல்லாம் பஸ்ஸில் கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் பேச மாட்டார். கண்ணை ஒருமுறை நிமிர்த்தினால் போதும். நானும் அக்காவும் புத்தகத்தை எடுத்துவிடுவோம். எங்களை அடித்ததே இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கண்ணை நான் அப்படியே அப்புவிடம் இறக்கினேன்.

பலித்தது. பேசாமல் போய்ப் பல் தேய்த்தான். சட்டை மாட்டிக்கொண்டான். 'இவ்வளவு நாள் இது தெரியாமல் தொண்டையைக் கெடுத்துக்கொண்டோமே' என்றுகூட நினைத்தேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினேன். சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. 'அடிக்கலடா, முடியைத்தான்...' என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

வேன் வரும்வரை கேட்டில் நின்றோம். "சித்தி, கோவமா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். என் தலை ஆடுவதை அவன் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை.

முறுக்குத் தட்டும் கண்ணாடித் தரையும்

வாய்ஸ் ஓவர் இல்லாததால் அந்த வாரம் எனக்கு எழுத்து வேலை மட்டும். கிடைத்த நேரத்தில் இதைப் பற்றியே படித்தேன். முதலில் கண்ணில் பட்டது, 'பேச்சில் 93 சதவிகிதம் உடல்மொழிதான்' என்ற பிரபலமான வரி. மூலத்தைத் தேடினால் அது அப்படி இல்லை. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்ற உணர்ச்சியை ஒருவர் சொல்லும்போது, சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நாம் எதை நம்புகிறோம் என்பதுதான் அதன் விஷயம். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது. ஆனால், 'கோவமா?' என்று கேட்ட அப்புவுக்குப் பொருந்தும் என்று தோன்றியது.

அடுத்துப் படித்த ஓர் ஆய்வு எங்கள் ஊர் வீடுகளை ஞாபகப்படுத்தியது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முறுக்குத் தட்டை நீட்டுவார்கள். கை நீள்வதற்கு முன் நம் கண் அம்மாவிடம் போகும். அம்மா லேசாக இமைத்தால் எடுக்கலாம். உதட்டை இறுக்கினால் "வேணாம் அத்தை, இப்பதான் சாப்பிட்டேன்." நீங்களும் அப்படித்தானே வளர்ந்தீர்கள்?

1985-ல் ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் கேம்போஸ் உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு வயதுக் குழந்தைகளிடம் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஒரு நீளமான மேசை. பாதி தூரத்துக்கு மேல் கெட்டிக் கண்ணாடி. அதன் கீழே பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். விழ வாய்ப்பில்லை, ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. எதிர்முனையில் அம்மா. பேசக் கூடாது, முகத்தை மட்டும் காட்டலாம். அம்மாவின் மகிழ்ச்சியான முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த ஆய்வு இன்னும் சங்கடப்படுத்தியது. கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா, சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும். கையை நீட்டிப் பார்க்கும். எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும்.

பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகள் முகம் படிக்கக் கற்றுவிடுகிறார்கள். அப்படியானால் காலை நேரத்தில் அப்பு என்ன படித்துக்கொண்டிருந்தான்? 'வா கண்ணு, சமத்துல்ல' என்று வாய் சொல்லும். என் புருவம் வேறு சொல்லும். நான் கதவருகே நின்றபடி, ஒரு கண்ணை மொபைலில் வைத்துக்கொண்டு உத்தரவு போடுவேன். அவன் நான்கரை வயது உயரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பான்.

நம் வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திட்டும்போது 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்போம். பார்த்தால், 'என்ன முறைக்கிற?' என்போம். குழந்தை பாவம், கண்ணை எங்கேதான் வைத்துக்கொள்ளும்?

இரண்டாம் நாள்: தரையில் உட்கார்ந்தேன்

மறுநாள் கால் மணி நேரம் முன்னதாக எழுந்தேன். கதவருகே நிற்காமல் அவன் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவினேன், நான் அடித்த அதே முதுகு. கண்ணைத் திறந்ததும் சிரித்தேன். மொபைல் சமையலறையில் இருந்தது.

என் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு, பேஸ்ட் வைத்த அவன் பிரஷ்ஷை நீட்டினேன். இருவரும் கண்ணாடி முன் நின்று தேய்த்தோம். எனக்கு நுரை மீசை வந்ததும் அவனுக்கும் வேண்டியிருந்தது. சாக்ஸை எடுத்து 'மாட்டு' என்று ஜாடை காட்டுவதற்குப் பதில், அதன் வாயை அகலமாக விரித்துப் பிடித்தேன். கால் தானாக வந்து நுழைந்தது. இட்லி ஊட்டுவதை விட்டுவிட்டு, என் தட்டையும் அவன் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். என் வாயைப் பார்த்து அவன் மென்றான்.

அன்று கவனித்த ஒரு சின்ன விஷயம். ஆள்காட்டி விரலை அவனை நோக்கி நீட்டினால் உடம்பு விறைக்கிறது. அதே கையை, உள்ளங்கை தெரியும்படி ஷூவை நோக்கி விரித்தால் ஷூவைப் பார்க்கிறான்.

இன்னொன்று, காத்திருப்பது. வாய் இருந்தபோது ஒன்றைச் சொன்ன மறுநொடியே இரண்டாவது, மூன்றாவது என்று சொல்லிக்கொண்டே போவேன். இப்போது ஒன்றைக் காட்டிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணினேன். பெரும்பாலும் ஏழு, எட்டில் அவன் நகர்ந்தான். அதற்கு முன்பெல்லாம் அந்த எட்டு விநாடியை நான் அவனுக்குக் கொடுத்ததே இல்லை.

கேட்டுக்கு வந்தபோது மணி 8.22. இரண்டு நிமிடம் தாமதம்தான். வேன் டிரைவர் அண்ணன் ஒரே ஒரு ஹாரன் அடித்தார்.

மூன்றாம் நாள்: டபுள் விசில்

கண்டக்டர் பேரனுக்கு விசில் கதை தெரியும். ஒரு விசில் என்றால் ஸ்டாப், இரண்டு விசில் என்றால் ரைட். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தாவின் பழைய விசிலை ஊதியபடி திண்ணையையே பஸ்ஸாக ஓட்டுவான்.

மூன்றாம் நாள், குளியலறையில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவன் தோளில் விரலால் ஒருமுறை தட்டினேன். திரும்பிப் பார்த்தான். குவளையை வாங்கி வைத்துவிட்டு, துண்டை விரித்து, தோளில் இரண்டு தட்டு தட்டினேன். ஒரு நொடி யோசித்தான். அவன் முகம் மலர்ந்தது. "போலாம் ரைட்!" என்று கத்திக்கொண்டு துண்டுக்குள் ஓடி வந்தான். அன்றிலிருந்து அதுதான் எங்கள் பாஷை. ஒரு தட்டு ஸ்டாப். இரண்டு தட்டு ரைட். அவனும் என்னைத் தட்டுவான். நான் மொபைலை எடுத்தால் என் முழங்காலில் ஒரு தட்டு விழும். விதி இருவருக்கும் பொது. அதனால்தான் அது அவனுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அன்று இரவு ஊரிலிருந்து வீடியோ கால். அம்மா என் தொண்டையைப் பற்றி அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் அப்பா. வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், தலையை லேசாக உயர்த்தினார். சாப்பிட்டியா?

நானும் தலையாட்டினேன். அப்பாவின் கண்ணை மட்டும் இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்தேன். இந்தக் கையும் தினமும் இருந்திருக்கிறது.

நான்காம் நாள்: எதுவும் வேலை செய்யாத காலை

எல்லாம் சுபம் என்று முடித்துவிட ஆசைதான். நான்காம் நாள் அப்பு எழுந்ததே அழுகையோடு. முந்தைய இரவு தூங்க 11 மணி ஆகிவிட்டது. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தான். சாக்ஸை விரித்தால் உதைத்தான். தோளில் தட்டினால் "தொடாத!" என்றான்.

தூக்கமும் பசியும் வந்து நிற்கும்போது எந்த ஜாடையும் எடுபடாது. நான் செய்தது ஒன்றுதான். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவனை உற்றுப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை மட்டும் அவன் பக்கமாகத் தரையில் விரித்து வைத்தேன். வேன் வந்தது, போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஈரமான சின்ன விரல்கள் என் உள்ளங்கைக்குள் வந்தன. அன்று ஸ்கூலுக்கு ஆட்டோ. செலவு என் கணக்கு.

இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி முகம் படிப்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே சிரமம். சில குழந்தைகளுக்குத் தொடுவது பிடிக்காது. அப்புவுக்குப் பொருந்தியது உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம். அவரவர் குழந்தையை அவரவர்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: ஒரே ஒரு சத்தம்

அலுவலகத்தில் என் கதையைக் கேட்ட சீனியர் ஒருவர், "அடையாறுலயே இதை ஒரு அம்மா சொல்லிக்கொடுத்துட்டுப் போயிருக்காங்களே" என்றார். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். அவருடைய முறையில், குழந்தைக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது வார்த்தை குறைவாக இருக்க வேண்டும். கை நிதானமாகச் செய்து காட்ட வேண்டும். 'மௌன விளையாட்டு' என்றே ஒன்று உண்டு. குழந்தைகள் அசையாமல் அமர்ந்திருக்க, ஆசிரியர் பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட குழந்தை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும்.

எனக்குக் கிசுகிசுக்கவும் தடை. எனவே அதை ஆறாம் நாளுக்கு ஒத்திவைத்தேன்.

ஆனால், ஐந்தாம் நாள் காலையே டாக்டர் சொல்லை மீறும்படி ஆகிவிட்டது. கேட்டில் நிற்கும்போது அப்புவின் பந்து தெருவில் உருண்டது. அவன் பின்னால் ஓடினான். திருப்பத்தில் ஒரு பைக்.

"அப்பு!"

கரகரவென்று, உடைந்த குரல்தான். ஆனால், அவன் அப்படியே நின்றுவிட்டான். பைக் அவனைத் தாண்டிப் போனது. ஐந்து நாளாகச் சத்தமே கேட்காத காதில் அந்த ஒரு சத்தம் விழுந்திருக்கிறது. தினமும் 'சீக்கிரம்' என்று 19 தடவை கத்திய காலத்தில் இதே சத்தத்துக்கு நின்றிருப்பானா? எனக்கு நிச்சயமில்லை. கத்தவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கத்தலைத் தெருவுக்காக மிச்சம் வைக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னது

குரல் திரும்பிய அன்று இரவு, முதலில் அக்காவிடம்தான் பேசினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மூணு வாரம் முன்னாடி அப்புவை அடிச்சுட்டேன். உன்கிட்ட சொல்லல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள். "அன்னைக்கு ராத்திரி குளிப்பாட்டும்போதே சொன்னான். 'சித்தி தெரியாம அடிச்சுட்டா'ன்னான். நீயா சொல்றியான்னு பார்த்துட்டு இருந்தேன்."

தெரியாமல் அடிக்கவில்லை. தெரிந்துதான் அடித்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த நாலரை வயதுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. எனக்கு மூன்று வாரமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவன் பாய் அருகே உட்கார்ந்து, காதருகே குனிந்து, மாண்டிசோரி அம்மா சொன்ன மாதிரி கிசுகிசுப்பாகப் பெயரைக் கூப்பிட்டேன். விழித்தான். "அன்னைக்கு உன்னை அடிச்சது தப்பு. இனிமே அடிக்க மாட்டேன்" என்றேன். அவன் வழக்கம்போல வார்த்தையை விட்டுவிட்டு முகத்தைப் படித்தான். இந்த முறை இரண்டிலும் ஒன்றே இருந்திருக்க வேண்டும். "சரி" என்றான்.

இப்போதும் நான் திடீரென்று கையைத் தூக்கினால் அவன் தோள் ஒரு நொடி இறுகுகிறது. ஒரு அடி அவ்வளவு சீக்கிரம் உடம்பை விட்டுப் போகாது போல. அந்த நேரத்தில் கையைப் பாதியில் நிறுத்தி, அவன் பார்க்கும்படி உள்ளங்கையைக் காட்டி, பிறகு மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோகிறேன். முடியை ஒதுக்கிவிடுகிறேன்.

நேற்று அப்படிச் செய்தபோது, என் கையைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினான்.

ரைட்!